பாசி மேல் வைத்த போன்

"குருவி பாடுறப்ப நீ இருமுனாக்கூடப் பறந்துடும். மியூட்ல போட்டுக்க."

"கட்டுனவ இருமக்கூடாது, குருவி மட்டும் பாடலாமாக்கும்? நல்லாயிருக்குங்க உங்க நியாயம்."

பறவைக் குரல்களைப் பதிவுசெய்யும் வேலைக்காக எழிலன் நீலகிரிக்குப் போன புதிதில், அவனும் மனைவி மதிவதனியும் போனில் சிரித்துக்கொண்டே பேசியது.

அதுவே வழக்கமாகிவிட்டது. விடிந்ததும் அவன் சோலைக்காட்டுக்குள் ரெக்கார்டரோடு உட்காருவான். அவளுக்கும் கேட்கட்டும் என்று போனை ஸ்பீக்கரில் போட்டுப் பாசி மேல் வைப்பான்.

காரைக்கால் பக்கம் அம்பகரத்தூரில், அடுப்படியில் நின்றபடி மதிவதனி மியூட்டை அழுத்துவாள். அவனுக்குக் கேட்காது என்ற தைரியத்தில் மெல்லச் சொல்வாள்.

"வந்துடுங்களேன்."

அவள் காரைக்காலில் அரசுப் பள்ளி ஆசிரியை. புதுச்சேரி அரசு வேலையில் நீலகிரிக்கு ஏது மாற்றல்?

இன்று மாலைக்குள் அவன் ஆபீசுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். இன்னும் இரண்டு வருடம் அங்கேயா, ஊருக்கே திரும்புகிறானா.

நேற்று அவளிடம் கேட்டான். "உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டாள். அவன் ஆசைப்பட்டுத் தேடிக்கொண்ட வேலை. எந்த வாயால் விடச் சொல்வது?

இரவெல்லாம் தூங்கவில்லை.

இன்று அவள் மியூட்டை அழுத்தவில்லை. குருவி வருவதற்குள் சொல்லிவிட வேண்டும்.

வாயைத் திறந்தாள்.

போனில் சன்னமாக ஒரு சீழ்க்கை.

சோலைச்சிட்டு. உள்ளங்கைக்குள் அடங்கும் நீல முதுகுக் குருவி. எப்போதும் பாதியில் நிறுத்திவிடும். முழுப் பாட்டுக்காக இந்தப் பருவம் முழுக்க அவன் பனியில் நனைந்திருக்கிறான்.

இன்று நிறுத்தவில்லை. ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது.

அவள் மூச்சை அடக்கிக்கொண்டாள்.

தெருமுனையில் கிளிஞ்சல்மேட்டு மீன்காரம்மாவின் குரல். "டீச்சரம்மா! சங்கரா வந்திருக்கு, கதவத் தொறங்க!"

அடுத்த குரல் ஜன்னலடியில்தான் கேட்கும்.

மதிவதனி பதறிப்போய் மியூட்டை அழுத்தினாள்.

குருவி தப்பித்தது. பாட்டு தொடர்ந்தது. அவள் சொல்ல வந்தது இன்றும் அவனுக்குக் கேட்காமலே போயிற்று. கண் கலங்கியது.

"மதி."

எழிலன்தான். கிசுகிசுக்கவில்லை. முழுக்குரல்.

பாட்டு சட்டென்று அறுந்தது. புதருக்குள் இறக்கைகள் படபடத்து, தூரத்தில் அடங்கின.

"ஒரு தடவ கூப்புடேன் மதி. கெளம்பி வந்துடுறேன்."