தம்பிக்கு இன்னும் ரெண்டு வருஷம்

போட்ட மாலையைக் கழற்றி, கேசரித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார் உலகநாதன்.

"போடறதா இருந்தா ரெண்டு பேருக்கும் போடுமா. இல்லாங்காட்டி ரெண்டு பேருக்கும் போடாத."

கைதட்டிக்கொண்டிருந்த கேன்டீன் அப்படியே அடங்கிப் போனது. அம்பத்தூர் எஸ்டேட்டில் இருக்கும் அந்தத் தொழிற்சாலையில் எத்தனையோ பேருக்குப் பணி ஓய்வு விழா நடந்திருக்கிறது. மாலையைக் கழற்றி வைத்த மகராசன் இவர் ஒருவர்தான்.

விழாவுக்கு ஏற்பாடு செய்த எச்.ஆர். லாவண்யாவுக்கு முகம் சுண்டிப் போனது. வாசலில் கம்பெனி கார் தயாராக நின்றது. சேக்காட்டில் அவர் வீட்டு வாசலில் ஆரத்தித் தட்டோடு காத்திருந்தார்கள்.

அவர் சொன்ன அந்த இன்னொருவர் பூபாலன். உலகநாதனின் கூடப்பிறந்தவர். தொழிற்சாலை முழுக்க அவருக்குத் 'தம்பி' என்றுதான் பெயர். அண்ணன் பனைமர உயரம். தம்பியோ லேத் மெஷினுக்கு முன்னால் பலகை போட்டு, அதன் மேல் ஏறி நின்றுதான் வேலை பார்ப்பார். அவருக்கு இன்னும் இரண்டு வருஷம் சர்வீஸ் பாக்கி இருந்தது.

அதுதான் உலகநாதனை உறுத்துகிறது என்று லாவண்யாவுக்குப் பட்டது. பெரியபாளையத்தில் ஒரே நாளில் மொட்டை, ஒரே நாளில் காதுகுத்து, ஒரே பந்தலில் கல்யாணம் என்று போன வாரம்தான் இவர் பெருமையடித்துக்கொண்டார். செலவை மிச்சம் பிடிக்க எல்லா வீட்டிலும் செய்வதுதான். அப்படி வளர்ந்தவர்களுக்குள்ளேயே இப்படி ஒரு வயிற்றெரிச்சலா?

"அண்ணா, வாங்க, மாலையைப் போட்டுக்கங்க. ரூல்னு ஒண்ணு இருக்கில்ல?"

"இன்னா ரூலு? டென்மார்க்குல அறுவத்தேழு வரிக்கும் வேலை செய்யறான். இத்தாலிலயும் அப்டித்தான். அவன் கை இன்னா இரும்புலயா செஞ்சுது? எனக்கு மட்டும் அம்பத்தெட்டுல துரு புடிச்சிடுமா?"

பின்வரிசையில் யாரோ விசிலடித்தார்கள்.

"சீனாவுல பொம்பளைங்களை அம்பது வயசுலயே அனுப்பிட்டிருந்தாங்க, தெரியுமா? நம்ம கவர்மென்ட்டுல அறுபது. நம்ம கம்பெனியில அம்பத்தெட்டு. ஊருக்கு ஊர் மாறத்தான்ணா செய்யும்."

"ஊருக்கு ஊர் மாறட்டும், நான் வாணாங்கல. ஒரே ஊட்டுக்குள்ள மாறலாமா? அதச் சொல்லு. கையும் காலும் நல்லாக் கீற ஆளை ஊட்ல குந்திகினு சீரியல் பாக்கச் சொல்றியா? திங்கக்கெழம காலீல என் மெஷினாண்ட நிப்பேன். எவன் தடுக்கறான்னு பாக்கறேன்."

லாவண்யாவுக்குப் பொறுமை போய்விட்டது. "உங்க தம்பி வேலையில இருக்கறது உங்களுக்குப் பிடிக்கலையா?"

பூபாலன் எழுந்து வந்து உலகநாதனின் பக்கத்தில் நின்றார். "அவன் சொல்றது நாயம் மேடம். அவனை அனுப்பினா நானும் கெளம்பறேன்."

அண்ணனை 'அவன்' என்கிற தம்பி! இந்த வீட்டில் மரியாதைக்கும் பஞ்சம் போலிருக்கிறது என்று லாவண்யா நினைத்துக்கொண்டாள். கோபத்தை அடக்கிக்கொண்டு பேசினாள்.

"வயசுன்னு ஒண்ணு இருக்கேண்ணா. பூபாலன் அண்ணா உங்களைவிட ரெண்டு வயசு சின்னவர். பள்ளிக்கூடத்துல குடுத்த வயசுதானே அது?"

"ஆமா, அந்தப் பள்ளிக்கூடம்தான் எங்க குடியக் கெடுத்துது!"

உலகநாதன் வலது கையைத் தூக்கி, உச்சந்தலைக்கு மேலே வளைத்து, இடது காதைத் தொட்டுக் காட்டினார்.

"ஹெட்மாஸ்டரு வயசு பாத்தது இப்டித்தான். கை காதை எட்டினா அஞ்சு வயசு. எனக்கு எட்டிச்சு, சேத்துக்கினாரு. இவனுக்கு எட்டல, ஊட்டுக்குப் போடான்னுட்டாரு. ரெண்டு வருசம் கழிச்சுத்தான் இவன் கை காதைத் தொட்டுது. அன்னிக்குத்தான் இவனுக்கு அஞ்சு வயசுன்னு எழுதினாரு."

"சின்னப் பிள்ளைக்கு எப்படிண்ணா எட்டும்?" என்றாள் லாவண்யா.

உலகநாதன் மாலையை எடுத்து அவள் கையிலேயே கொடுத்தார்.

"யாரும்மா சின்னப் புள்ள? எனக்கு அரை மணி நேரம் முன்னாடி பொறந்தவன்மா இவன்!"