பக்கத்து சீட்டின் கடைசிப் பல்

காரில் டிரைவருக்குப் பக்கத்து சீட்டை மீட்டர் பின்னால் தள்ளினான். ஸ்போர்ட் விளக்கு பட்டென்று அணைந்தது.

முன்னால் இழுத்துவிட்டுப் பட்டனை அழுத்தினான். எரிந்தது.

மறுபடி தள்ளினான். அணைந்தது.

"புடிச்சிட்டேன் சிஸ்டர்!"

மீட்டர் என்பது பெற்றவர்கள் வைத்த பெயரில்லை. கார்களுக்குக் கரண்ட் வேலை பார்ப்பவன். கையில் எந்நேரமும் மீட்டர், காதில் எந்நேரமும் அடுத்த வீட்டுக் கதை. எந்த வயர் கருகியது என்று கண்டுபிடிக்க ஒரு நாள் ஆகும். எந்த வீட்டில் புகைகிறது என்று கண்டுபிடிக்க ஒரு டீ போதும்.

நர்ஸ் நாற்காலியிலிருந்து எழுந்து வந்தாள்.

அவளுடைய வீட்டுக்காரர்தான் காரைக் கொடுத்து அவளை அனுப்பியிருந்தார். வேகமாக விரட்டப் போடுகிற ஸ்போர்ட் மோடு பாதி வழியில் தானாகக் கட் ஆகிறது, வண்டி இழுவையே இல்லை, உனக்கு லீவுதானே, கொண்டுபோய்க் காட்டு என்று. அவள் கூடப் போகும்போது ஒருநாளும் கட் ஆனதில்லை. வாத்தியாரைக் கண்ட பிள்ளை மாதிரி வண்டி அப்படி ஒழுங்காக ஓடும்.

காலையிலிருந்து ஃபியூஸைப் பார்த்தாயிற்று, நன்றாக இருந்தது. கியருக்குப் பக்கத்திலிருந்த பட்டனைக் கழற்றி மீட்டர் வைத்துப் பார்த்தாயிற்று, அதுவும் நன்றாக இருந்தது. கடைசியில் வயர் போகும் வழியைத் தேடிக் குனிந்தவனுக்கு இடம் போதாமல் சீட்டைத் தள்ளப் போய்த்தான் இந்தக் கூத்து.

பட்டனிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகும் வயர் அந்த சீட்டுக்கடியில்தான் ஓடியது. சீட் தான் நகரும் தண்டவாளத்தின் கடைசிப் பல்வரைக்கும் பின்னால் போனால், அடியிலிருந்த இரும்பு வயரைக் கடித்தது. தோல் உரிந்து செம்பு இளித்தது.

"யாரோ நல்லா பின்னால தள்ளிப் போட்டு உக்கார்றாங்க சிஸ்டர். ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல. தேஞ்சிருக்கிறதப் பார்த்தா ரெண்டு வருஷத்துக்குக் கொறையாது."

நர்ஸுக்கு உயரம் போதாது. டேஷ்போர்டில் முழங்கால் இடிக்கிற அளவுக்கு முன்னால் இழுத்துக்கொண்டுதான் உட்காருவாள். உன்னைத் தவிர அந்த சீட்டில் வேறு யார் ஏறப்போகிறார்கள் என்று வீட்டுக்காரர் போன வாரம்கூடக் கேட்டார். எப்போது கதவைத் திறந்தாலும் சீட் அவள் விட்ட இடத்திலேயே இருக்கும்.

அப்படியானால் ஒவ்வொரு முறையும் யாரோ இறங்கிய பிறகு, அவர் குனிந்து, மறக்காமல், முன்னால் இழுத்து வைத்திருக்கிறார்.

வீட்டில் குடித்த டம்ளரை எடுத்து வைக்காத மனிதர்.

அவள் முகம் போன போக்கைப் பார்த்து மீட்டருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. கதை கேட்கும் ஆசை ஒருபுறம், பரிதாபம் ஒருபுறம். சீட்டுக்கு முன்னால் விரித்திருந்த மிதியடியைத் தூக்கி டார்ச் அடித்தான். கார்ப்பெட்டில், அவளுடைய கால் எட்டவே எட்டாத ஆழத்தில், குதிகால் தேய்த்த பள்ளம் ஒன்று இருந்தது.

"நீங்க நெனைக்கிற மாதிரி பொம்பள இல்ல சிஸ்டர், பயப்படாதீங்க. ஆம்பள ஷூ. ஒரு கால் பள்ளம்தான் இருக்கு, பாருங்க. அந்தக் கால மடக்காம நீட்டியே வச்சிருக்கிற ஆளு."

பெரிய உதவி செய்துவிட்ட பெருமிதத்தில் அவன் வயருக்கு டேப் சுற்ற ஆரம்பித்தான்.

நர்ஸ் அந்தப் பள்ளத்தில் விரலை வைத்துப் பார்த்தாள். வலது கால். கம்பி வைத்த முழங்கால். மூன்று மாதம் அதற்குக் கட்டு மாற்றியது அவள் கைதான்.

அந்த சீட்டில் ஏறியது இன்னொருத்தியாக இருந்திருந்தால்கூட வாய்விட்டுத் திட்டியிருப்பாள்.

அந்தக் காலுக்குச் சொந்தக்காரரோடு அவள் பேசி ஆறு வருஷம் ஆகிறது. அவரும் வீட்டுக்காரரும் கூட்டாக நடத்திய கடை உடைந்த அன்று, நான் வேண்டுமா அந்த ஆள் வேண்டுமா என்று கேட்டு அவள் கையைத் தன் தலைமேல் வைத்துச் சத்தியம் வாங்கியது வீட்டுக்காரர்தான்.

சண்டை போட்ட இருவரும் எப்போதோ ராசியாகிவிட்டார்கள். சண்டையை மட்டும் இவளிடம் கொடுத்துவிட்டார்கள், பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லி.

அவளும் பத்திரமாகத்தான் பார்த்துக்கொண்டாள். போன வருஷம், அம்மாவின் உடலுக்கு அந்தப் பக்கம் ஒரு காலை நீட்டி உட்கார்ந்து அண்ணன் விம்மியபோது, இந்தப் பக்கம் இருந்தவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.