இடது காலில் கட்டு

உடை மாற்றும் அறையில் தைல நெடி மூக்கில் ஏறுகிறது. ஜன்னல் கம்பி வழியே விழும் வெயிலில் கால்பந்து அணியின் முன்கள ஆட்டக்காரன் கால்களை நீட்டி உட்கார்ந்திருக்கிறான். பதினான்கு மாதத்துக்குப் பிறகு இன்றுதான் களம் இறங்குகிறான். வலது முழங்காலில் அறுவைத் தழும்பு பூரான்போல் படுத்திருக்கிறது. உடம்பு பிடித்துவிடுகிறவர் வெள்ளை டேப்பைச் சர்ரெனக் கிழிக்கிறார். "இடது கால்ல சுத்துங்கண்ணே." "அது நல்ல காலாச்சே தம்பி! பல்லு வலிக்குதுன்னு காதைப் பிடுங்கச் சொல்றே?" "கட்டு தெரியற கால்லதான் அடிப்பானுங்க. இடது தாங்கும். வலது இன்னொரு தடவ போச்சுன்னா நான் வீட்டுல உக்கார வேண்டியதுதான்." அவர் முனகிக்கொண்டே சுற்றுகிறார். அவன் வலது காலுறையை இழுத்துத் தழும்பை மூடுகிறான்.

நடைவழியில் இரண்டு அணிகளும் அருகருகே வரிசையில் நிற்கின்றன. பூட்ஸ் குமிழ்கள் சிமெண்ட் தரையில் கறகறக்கின்றன. எதிரணித் தடுப்பாட்டக்காரன் பக்கத்திலேயே நின்று சூயிங்கம் மெல்கிறான். கடப்பாரை என்று பேர் வாங்கியவன். அந்த முழங்காலை முறித்தவன் அவன்தான். ஆஸ்பத்திரிப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இப்போது அவன் பார்வை மெல்ல இறங்கி வெள்ளைக் கட்டில் நிற்கிறது. ஏமாந்துவிட்டான் என்று முன்கள ஆட்டக்காரன் நினைக்கிறான். கடப்பாரை மெல்லுவதை நிறுத்திவிட்டுக் காதருகே குனிகிறான். "என்ன மாப்ள, கட்டு எடம் மாறிப்போச்சு? நான் ஒடச்சது வலது காலு. நான் மறப்பேனா?" நடுவரின் விசில் கேட்கிறது. வரிசை நகர்கிறது. முன்கள ஆட்டக்காரனின் முதல் அடியை வலது கால்தான் வைக்கிறது.