இடது மேல் மூலை

பிராக் அரங்கின் விளக்கொளி பனித்தளத்தில் பாலாக வழிந்து கிடக்கிறது. ஐஸ் ஹாக்கி உலகக் கோப்பை அரையிறுதி முடிய ஒரு நிமிடம்தான். ஸ்வீடன் ஒரு கோல் முன்னால் நிற்கிறது. செக் அணிக்குக் கிடைத்த பெனால்டியை அடிக்கப்போகும் ராடிம், எதிரணியின் இருக்கை வரிசையையே பார்த்துக்கொண்டிருக்கிறான். அங்கே மஞ்சள் சட்டையில் தோர்கெல். அமெரிக்க லீகில் ஆறு வருடமாக இருவரும் ஒரே அணி. ராடிம் மேல் எவனாவது கை வைத்தால் முதலில் பாய்கிறவன் அவன்தான். ராடிம் பெனால்டியை எப்போதும் கோலின் இடது மேல் மூலையில்தான் அடிப்பான் என்பதும் அவனுக்கு அத்துப்படி. சற்று முன் தங்கள் கோல்கீப்பரின் காதோரம் ஏதோ சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தான். இப்போது தடுப்புப் பலகைக்கு மேல் தலையை நீட்டுகிறான். "என்னடா, உன் பாப்பாவுக்குப் பல்லு முளைச்சிருச்சா?" "இப்ப எதுக்குடா அது?" "சும்மாதான் கேட்டேன்." சும்மாவா? லீகில் இவன் பெனால்டி நேரத்தில் வாயே திறந்ததில்லை.

விசில் ஒலிக்கிறது. கூட்டம் அடங்கிப்போய், பனியை இரும்பு கீறும் ஓசை மட்டும் கேட்கிறது. ராடிம் இடது பக்கம் சாய்வதுபோல் போக்குக் காட்டி, வலது பக்கம் அடிக்கிறான். வட்டு கோல்கீப்பரின் கால்கவசத்தில் மோதித் தெறிக்கிறது. இடது மேல் மூலை ஆளில்லாமல் திறந்து கிடக்கிறது. மஞ்சள் சட்டைகள் எல்லாம் துள்ளுகின்றன. தோர்கெல் மட்டும் உட்கார்ந்தபடியே, லீகில் தோற்ற நாட்களின் அதே முகத்தோடு கேட்கிறான்:

"எப்பவும் இடது பக்கம்தானேடா அடிப்ப. இன்னைக்கு ஏன் மாத்தின?"