கீழ்வீட்டுக் கணப்பு

மலையில் பனி கொட்டியது, கரண்டும் போய்விட்டது. மாடியில் குடியிருந்த கோழி முட்டைகளை விட்டு இறங்கி, வீட்டுக்காரப் பூனையிடம் ஓடியது.

"ஒரு கணப்புச் சட்டி குடுங்கம்மா. முட்டையெல்லாம் குளிர்ந்துபோயிடும்."

"இருந்த ஒண்ணையும் கீழ்வீட்டு முயலுக்குக் குடுத்துட்டேனே."

திரும்பும்போது கோழி ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தது. முயல் கணகணவென்ற நெருப்பின் முன் கால்நீட்டி உட்கார்ந்திருந்தது. கோழிக்கு வயிறு எரிந்தது. நேற்று குடிவந்தவளுக்கு இந்தச் சொகுசா?

மறுபடியும் பூனையிடம் ஓடியது. "மரவீட்டுக்குள்ள நெருப்பை வெச்சுக்கிட்டு அவ தூங்கி வழியுறாம்மா! பத்திக்கிச்சுன்னா யார் வீடு போகும்?"

பூனை பதறிப்போய்ச் சட்டியைப் பிடுங்கி வந்து, தன் கட்டிலருகே வைத்துக்கொண்டது.

கோழி நிம்மதியாக மாடியேறி முட்டைமேல் உட்கார்ந்தது. கொஞ்ச நேரத்தில், அதுவரை இல்லாதபடி காலடிப் பலகை சில்லிட்டது.

"அக்கா," கீழிருந்து முயல் கூப்பிட்டது, "முட்டைக்குச் சூடு பத்துதா? உங்க கூட்டுக்கு நேர் கீழேதான் சட்டியை வெச்சிருந்தேன். வீட்டுக்காரம்மா எடுத்துட்டுப் போயிட்டாங்க. எதுக்குன்னே தெரியலை."

கோழி சிறகை இன்னும் கொஞ்சம் அகல விரித்துக்கொண்டது.