மாற்று ஆள் வரும் வரை

“இங்க ஆளே இல்லம்மா. இப்ப யாரையும் அனுப்ப முடியாது, புரிஞ்சுக்கோ” என்று சொல்லிவிட்டு ஏட்டு போனை வைத்தார். வைத்த கையோடு அது மறுபடியும் அடித்தது.

அதே குரல்தான். மதியம் சாப்பிட்டுவிட்டுக் கதவைத் திறந்துகொண்டு போன பெரியவர் இன்னும் திரும்பவில்லை. ஞாபக மறதிக்காரர், சொந்தப் பெயரே சொல்லத் தெரியாது, தெருத் தெருவாகத் தேடியாகிவிட்டது, லாரி ஓடுகிற மெயின் ரோட்டுப் பக்கம் போயிருந்தால் என்ன செய்வது என்று அழுதது.

ஏட்டு சொன்னது பொய்யில்லை. எட்டு மணி நேர ஷிஃப்ட் என்று அறிவித்த புண்ணியவான்கள் ஆள் எதுவும் சேர்க்கவில்லை, இருந்தவர்களையே மூன்றாகப் பிய்த்துப் போட்டார்கள். அதிலும் மிஞ்சியவர்களை மந்திரி வருகிறார் என்று பந்தோபஸ்துக்கு அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். நேற்று இரவு டூட்டிக்கு வந்த ஏட்டுதான் இன்று பகல் டூட்டியும் பார்த்துக்கொண்டிருந்தார். அவரை விட்டால் ஸ்டேஷனில் இருந்தது லாக்கப்பில் கிடந்த ‘சைக்கிள்’ மட்டும்தான். அவன் திருடுவதும் அதைத்தான், எல்லாரும் அவனைக் கூப்பிடுவதும் அப்படித்தான்.

சைக்கிளுக்கு வாய் சும்மா இருக்காது. “அந்தம்மா அழுவுறது இங்க வரைக்கும் கேக்குது. ஒரு எட்டு போய்ப் பாத்தா கொறஞ்சா போயிடுவீங்க? இதுக்குத்தான் சார் ஜனங்க போலீஸத் திட்டுறாங்க” என்றான்.

ஏட்டு அவனை அதட்டக்கூட இல்லை. இன்ஸ்பெக்டருக்குப் போன் போட்டு, அரை மணி நேரம் வெளியே போய் வர அனுமதி கேட்டார். லாக்கப்பில் ஆளை வைத்துக்கொண்டு ஸ்டேஷனை யாரிடம் விட்டுவிட்டுப் போவாய், அவன் ஓடினால் உன் வேலை போய்விடும், மாற்று ஆள் வரும் வரை நகரக் கூடாது என்று அங்கிருந்து ஒரே பாட்டு. எதற்காக என்று ஏட்டு வாயெடுப்பதற்குள் போன் வைக்கப்பட்டுவிட்டது. மாற்று ஆளும் அதே பந்தோபஸ்தில்தான் நின்றுகொண்டிருந்தான்.

போன் மறுபடி அடித்தது. இந்த முறை ஏட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார். “இன்னைக்கு என்ன சட்டை போட்டிருக்காரு?”

பிறகு வயர்லெஸ்ஸைக் கையில் எடுத்தார். “வயசு எழுபத்தெட்டு. நீலக் கட்டம் போட்ட சட்டை. இடது கால லேசா இழுத்து நடப்பாரு. அதட்டினா பயந்துடுவாரு. கையப் புடிச்சுக் கூப்பிட்டா கூடவே வந்துடுவாரு. தயவுசெஞ்சு யாரும் அதட்டிடாதீங்க.”

எல்லாரும் பந்தோபஸ்தில் இருக்கிறோம், கண்ணில் பட்டால் பார்க்கிறோம் என்று பதில் வந்தது.

வெளியே இருட்ட ஆரம்பித்தது. ஏட்டு வாசல் வரை போவார், லாக்கப்பைத் திரும்பிப் பார்ப்பார், வந்து நாற்காலியில் உட்காருவார். உட்கார முடியாமல் மறுபடி எழுந்திருப்பார். மனுஷன் கையைப் பிசைந்துகொண்டு நின்றதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

அவ்வளவு நேரம் வாயாடிக்கொண்டிருந்த சைக்கிள், வயர்லெஸ்ஸில் பேசியதைக் கேட்டதிலிருந்து வாயைத் திறக்கவில்லை. எழுந்து வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“நான் ஓட மாட்டேன் சார். நீங்க போய் உங்க அப்பாவத் தேடுங்க.”