டம்ளரின் அடியில்

2025ஆம் ஆண்டு மார்ச் 17, திங்கட்கிழமை. முப்பத்தொரு மாணவியர் வாந்திபேதியில் விழுந்ததற்குச் சமையற்காரி குஞ்சம்மாளே காரணம் என்று எழுதி வைத்துவிட்டு, செஞ்சி வெண்முகில் மாணவியர் விடுதி தன் பெயரை மாற்றிக்கொண்டு ஏழு மாதங்கள் ஆகியிருந்தன.

அதே கட்டடம். அதே வாயில். பலகை மட்டும் 'புதுத்தளிர் மாணவியர் இல்லம்' என்றது.

சாக்கடை நீர் குடிநீர்த் தொட்டியில் கசிகிறது என்று குஞ்சம்மாள் மூன்று முறை சொல்லியிருந்தாள். அதை எவரும் எழுதி வைக்கவில்லை.

அதன்பின் ஒரு மஞ்சள் நீராட்டு விழாவுக்குக்கூட அவளைச் சமைக்க அழைப்பாரில்லை. அவள் கைபட்ட சோற்றுக்கு ஊரே அஞ்சியது.

அந்தப் பழியை நீக்கக் கோரிய அவளது மனுவை விசாரிக்க அலுவலர் பூங்குழலி வந்து அமர்ந்திருந்தார். எதிரே விடுதியின் தாளாளர் ராஜாராம்.

"வெண்முகிலா? அது யாரோ நடத்தி மூடிட்டுப் போயிட்டாங்க மேடம். அவங்க கரண்டி ஒண்ணுகூட இங்க கெடையாது. எழுதியே குடுத்திருக்கேன்."

பிறகு குஞ்சம்மாள் பக்கம் திரும்பினார். "ஏம்மா, வாசல்ல இருக்கிற போர்டைப் படிச்சிட்டுத்தானே உள்ள வந்தே?"



வெயிலுக்கு மோர் வந்தது. தட்டில் ஆறு டம்ளர்கள். ஒன்றை எடுத்துக் குஞ்சம்மாளிடம் நீட்டியவர் அலுவலர்தாம்.

வாங்கிய கையின் கட்டைவிரல் டம்ளரின் அடிக்குச் சென்றது. அங்கேயே நின்றது.

பதினோராண்டு தேய்த்துக் கழுவிய பாத்திரம். அடியில் பொறித்த புள்ளிகளின் மேடும் பள்ளமும் அவ்விரலுக்கு மனப்பாடம்.

ஒரே மூச்சில் குடித்தாள். டம்ளரை அலுவலரின் முன்னே கவிழ்த்து வைத்தாள்.

பூங்குழலி குனிந்து பார்த்தார். தம்முடையதையும் குடித்துக் கவிழ்த்தார். மற்ற நான்கையும் தூக்கிப் பார்த்தார். ஆறிலும் ஒரே பொறிப்பு: வெண்முகில் மாணவியர் விடுதி, 2013.

"பழைய சாமான் மேடம், கட்டடத்தோட வந்திருக்கும்..."

அலுவலர் கோப்பைத் திறந்தார். ராஜாராம் எழுதிக் கொடுத்த தாளில், 'ஒரு கரண்டிகூட இல்லை' என்ற வரியின்மேல் விரலை வைத்தார். பிறகு ஆறு டம்ளர்களையும் பட்டியலிட்டு, அதன்கீழ் அவரையே கையெழுத்திடச் சொன்னார். ராஜாராம் கையெழுத்திட்டார்.

"திருப்பிப் படிக்காமலே எப்படிம்மா கண்டுபிடிச்சே?" என்று பூங்குழலி கேட்டார்.

"எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதும்மா. வெரலுக்குத்தான் தெரியும்."

பூங்குழலி கோப்பைப் பின்னோக்கிப் புரட்டினார். சமையற்காரி தன் குற்றத்தைப் 'படித்துப் பார்த்து' ஒப்புக்கொண்டதாக விடுதி அளித்திருந்த தாள் அங்கே இருந்தது. அதன் அடியில், அதே கட்டைவிரலின் ரேகை.

அந்தத் தாளின் குறுக்கே சிவப்பு மையில் ஒரு கோடு விழுந்தது. குஞ்சம்மாள் முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

வாசகரே, உமக்குப் படிக்கத் தெரியும். பலகை மாறிய இடத்தில் உமக்கு எதைக் குடிக்கக் கொடுத்தாலும், குடித்து முடித்துக் கவிழ்த்துப் பாரும்.